இதைப் போல ஓடிய மூன்று படங்கள்

அந்தப் பட நிறுவனத்தில் கதை கொடுக்க ஒரு படிவம் இருந்தது. பெயர், முகவரி, கதைச் சுருக்கம் எல்லாம் முதல் பக்கத்தில். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே கேள்வி: ‘இதைப் போல இதற்கு முன் ஓடிய மூன்று படங்கள்.’ ஒவ்வொன்றுக்கும் எந்த நாடு, யார் இயக்குநர் என்று எழுதி, நான்கு வரியில் கதையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் முதல் பக்கத்தை யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

“ஏற்கெனவே ஓடினதுதான்யா திரும்ப ஓடும். ஓடாததை ஓட வைக்க நான் என்ன பந்தயமா நடத்தறேன்?” என்பார் முதலாளி. அதே மனிதர் மேடை ஏறினால், “புதுசா யோசிக்கிறவனுக்கு என் கதவு எப்பவும் திறந்திருக்கும்” என்று கண் கலங்குவார். கதவு திறந்துதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. உள்ளே போனதும் அந்தப் படிவத்தைக் கையில் கொடுத்து வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருந்தவனை அங்கே எல்லோரும் ‘வசனம்’ என்றே கூப்பிட்டார்கள். அடுத்தவர் எழுதிய காட்சிகளில் பேச்சு ஒட்டாத இடங்களில் ஒட்டுப்போட்டுக் கொடுப்பது அவன் வேலை. செத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் மகன் என்ன சொல்லி அழ வேண்டும், வில்லன் கடைசி அடி வாங்குமுன் என்ன முணுமுணுக்க வேண்டும், எதையும் காலையில் கேட்டால் மத்தியானம் கொடுத்துவிடுவான். திரையில் அவன் பெயர் வராது. வந்த ஒரே தடவை நன்றி சொல்லும் பட்டியலில், ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டவருக்குக் கீழே, எழுத்துப் பிழையோடு வந்தது.

அவன் ஆசை இவ்வளவுதான்: ‘கதை’ என்று போட்டு, அதன் கீழே தன் பெயர், தனியாக, மூன்று விநாடி. பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று விநாடியில் ஒரு கல்யாணம் சிக்கிக்கொண்டிருந்தது. “சினிமாவுல ஒட்டுப்போடறவனுக்கா பொண்ணு?” என்று அவன் மனைவியின் வீட்டார் கதவைச் சாத்திவிட, இருவரும் பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டவர்கள். அவள் பக்கம் ஆளில்லை, அவன் பக்கமும் ஆளில்லை. வாசலில் நின்ற யாரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். “ஒரு நாள் என் பேரைத் திரையில பாப்பாங்க உங்க வீட்டுல” என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்தான். மகள் பிறந்தபின் மனைவியின் அண்ணன் மனம் இறங்கி வந்து போக ஆரம்பித்தார். மனம்தான் இறங்கியது, வாய் இறங்கவில்லை.

மச்சானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒவ்வொரு படம் வந்ததும் வந்து உட்கார்ந்து, “என்ன மாப்ளே, கடைசி வரைக்கும் உத்து உத்துப் பாத்தேன், உன் பேரைக் காணோம். என் கண்ணாடியை மாத்தணுமா?” என்பார். பிறகு அவருக்குப் பிடித்த பேச்சுக்கு வருவார். “இப்ப எவனுக்குய்யா சொந்தமா யோசிக்கத் தெரியுது? எல்லாம் வெளிநாட்டுல சுட்டது. அங்க இருக்கிறவனுக்குத்தான் மூளை.” வசனம் தேநீரோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடுவான். அப்புறம் வயிறு எரியும். அதற்கென்று ஒரு மாத்திரை வீட்டில் ஓர் அட்டை, அலுவலக மேசையில் ஓர் அட்டை வைத்திருந்தான். வாங்கிக் கொடுப்பது மனைவி.

ஆறு வருடம் உழைத்து ஒரு கதை எழுதி முடித்தான். தன் நிழலோடு பேசும் ஓவியன் ஒருவனைப் பற்றியது. அவன் சார்பில் நான் பொய் சொல்லப் போவதில்லை: கதை சுமார்தான். ஆறு வருடம் தேய்த்ததில் அதில் இருந்த கொஞ்சநஞ்ச உயிரும் போய்விட்டிருந்தது. ஆனால் அவனுக்கு அது உயிர். அந்த வருடத்துக்குக் கதை கொடுக்கக் கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் படிவம் போக வேண்டும். மத்தியானம் மூன்றரைக்கு அவன் முன்னால் முதல் பக்கம் நிரம்பி வழிந்தது. இரண்டாம் பக்கம் பளிச்சென்று கிடந்தது. நிழலோடு பேசும் ஓவியன் உலகத்தில் எங்கேயும் ஓடியதாகத் தெரியவில்லை.

படிவங்களை வாங்கிச் சரிபார்ப்பது கதை மேடம் என்று எல்லோரும் சொல்லும் அம்மாள். அவரிடம் போய்த் தலையைச் சொறிந்தான்.

“மேடம், இது மாதிரி ஒரு படமும் வந்ததில்லை. அதுதானே இதுல விசேஷம்?”

“விசேஷத்தை எழுதறதுக்குப் படிவத்துல இடம் இல்லையேப்பா” என்றார் மேடம், தலை நிமிராமல்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். வந்த கோபத்தில் பேனாவை எடுத்து மூன்று படங்களைத் தானே பெற்றுப் போட்டான். பனி கொட்டும் தூர தேசங்களாகப் பார்த்து மூன்று நாடு. முதல் படத்தில், போர் முடிந்த செய்தி எட்டாத ஒரு தீவில் இருபது வருடமாகக் காவல் காக்கும் சமையற்காரன். மூன்றாவதில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமலே சண்டை போடும் இரண்டு குடும்பங்கள். இரண்டாவது படத்துக்கு ‘சாட்சிக்காரன்’ என்று பெயர் வைத்து நான்கு வரி எழுதினான்: பதிவு அலுவலக வாசலில் நின்று, ஆளில்லாமல் வரும் ஜோடிகளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டே வயதாகிப்போன ஒருவர். ஒரு நாள் அவர் கையெழுத்துப் போட்ட ஜோடி ஒன்று விவாகரத்துக்கு வந்து நிற்கிறது. அவருக்குத் தூக்கம் போகிறது. தான் சாட்சி சொன்ன அத்தனை கல்யாணமும் எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகப் பார்க்கக் கிளம்புகிறார்.

இயக்குநர் பெயருக்கு யோசிக்க நேரமில்லை. மேசையில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து, அதன் பெயரில் முன்னெழுத்தைப் பின்னாலும் பின்னெழுத்தை முன்னாலும் போட்டான். சாட்சிக்காரனுக்கு வாயில் நுழையாத அருமையான அயல்நாட்டுப் பெயர் ஒன்று கிடைத்தது; மற்ற இரண்டுக்கும் அட்டையின் பின்பக்கம் உதவியது. பத்து நிமிடத்தில் பக்கம் நிரம்பியது. ஆறு வருடத்தில் வராத எழுத்து பத்து நிமிடத்தில் எப்படி வந்தது என்று அவன் யோசிக்கவில்லை. தன் பெயரில் போகாத எழுத்துக்குக் கை நடுங்குவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார். போகிற வழியில் வசனம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான்.

“அசத்திட்டேய்யா” என்றார் முதலாளி. “இப்படி ஒரு கதையை நான் கேட்டதே இல்ல.”

“ஓவியன் கதை ஆறு வருஷமா மனசுல...”

“எந்த ஓவியன்? நான் இந்தச் சாட்சிக்காரனைச் சொல்றேன். என்னமா யோசிச்சிருக்கான் பாரு! நம்ம ஆளுங்க நூறு வருஷம் தலைகீழா நின்னாலும் இது வருமா? இதோட உரிமையை வாங்கறோம், நாம எடுக்கறோம்.”

வசனம் பயத்தோடு தலையை ஆட்டிவிட்டு வந்தான். ஆனாலும் ஓர் ஆறுதல்: இல்லாத படத்துக்கு உரிமை கேட்டு எழுதினால் பதில் வராது, நாலு நாளில் முதலாளி வேறு எதற்காவது தாவிவிடுவார். முதலாளி வெளிநாட்டுத் தரகர்களுக்கெல்லாம் எழுதிப் போட்டதில், பதில் ஒரே வாரத்தில் வந்தது. ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஏதோ ஒரு தரகு நிறுவனம், ‘சாட்சிக்காரன்’ படத்தின் உலக உரிமை தங்களிடமே இருப்பதாகவும், அந்த மாபெரும் இயக்குநரின் வாரிசுகளுக்காகத் தாங்களே பேசுவதாகவும், படச்சுருள் மட்டும் ஒரு தீ விபத்தில் போய்விட்டதாகவும் எழுதியிருந்தது. கடிதத்தைப் படித்தபோது வசனத்துக்கு ஒரு கணம் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை எங்கேயோ பார்த்துத்தான் எழுதினோமோ? வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தபிறகுதான் மனம் நிலைக்கு வந்தது. மனைவியிடம், “என் கதை இல்ல. வெளிநாட்டுப் படம் ஒண்ணு எடுக்கறாங்க” என்று மட்டும் சொன்னான். மகா கேவலமாக இருந்தது.

உரிமை வாங்கியாகிவிட்டது. படச்சுருளோ இல்லை. பார்த்தவன் ஒருவன்தான்.

“உனக்குத்தானே நல்லா ஞாபகம் இருக்கு, உக்காந்து எழுது” என்றார் முதலாளி. “ஒண்ணையும் மாத்தக் கூடாது. உன் சொந்தச் சரக்கை உள்ள நுழைச்சே, தெரிஞ்சு போயிடும் எனக்கு.”

ஐந்து மாதம் எழுதினான். அந்த ஐந்து மாதத்தைப்போல ஒரு காலம் அவன் வாழ்க்கையில் அதற்குமுன் வந்ததில்லை. எழுதிக் கொடுத்த காட்சி எதையும் எவரும் தொடவில்லை. வழக்கமாக எந்தக் காட்சியைக் கொடுத்தாலும், “இதெல்லாம் நம்ம ஜனங்களுக்குப் புரியாதுய்யா” என்பவர்கள், இப்போது கைகட்டி நின்று கேட்டார்கள். சாட்சிக்காரர் ஒரு வீட்டுக்குப் போகிறார், அந்தத் தம்பதி அவரைக் கடன்காரர் என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறார்கள், அங்கே பத்து வருடத்துக்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள். இதைப் படித்துவிட்டு முதலாளி மூக்கை உறிஞ்சினார். “இங்க எவனுக்குத் தோணும் இப்படி?” என்றார். எதிரில் நின்றவன் அடுத்த காட்சியை எடுத்து நீட்டினான். ஒரே ஒரு தடவை, அவசரத்தில் பழைய படத்திலிருந்து ஓர் ஆஸ்பத்திரிக் காட்சியை உருவிச் சேர்த்திருந்தான். “இது உன் கைவரிசை, வெட்டு” என்று முதலாளி சரியாக அதன்மேல் விரலை வைத்தார். ரசனை இல்லாத மனிதர் இல்லை அவர்.

படப்பிடிப்பில் ஒரே ஒரு மாற்றம் நடந்தது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் சாட்சிக்காரர் மைப் பேனாவின் முள்ளைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, “நல்லா இருங்க. என்னைத் தேடி வந்துடாதீங்க” என்று சொல்வதாக எழுதியிருந்தான். கதாநாயகருக்கு அந்தத் தலைமுடி சொந்தமில்லை. விலை உயர்ந்த விக். மை பட்டால் போகாது.

“கைக்குட்டையில துடைக்கறேனே” என்றார் கதாநாயகர்.

“ஒரிஜினல்ல தலையிலதான் துடைப்பாரு சார்” என்றான் வசனம்.

“ஒரிஜினல்காரனுக்கு முடி இருந்திருக்கும்” என்று நடிகர் முடித்துவிட்டார். கைக்குட்டையே நிலைத்தது.

படம் முடிந்து பெயர்ப் பட்டியல் தயாரானது. ‘மூலக்கதை’ என்ற தலைப்பில், தனியாக, நான்கு விநாடி, மாத்திரை பெயர் வந்தது. அவன் கேட்டதைவிட ஒரு விநாடி அதிகம். அவன் பெயர் கடைசியில், ‘ஞாபக உதவி’ என்று. அதைப் பார்த்ததும் பதினான்கு வருடமாக விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. நேராக முதலாளி அறைக்குப் போனான்.

“சார், அப்படி ஒரு படமே இல்ல சார். படிவம் நிரம்பணுமேன்னு நான்தான் எழுதினேன். மூணுமே நான் எழுதினதுதான்.”

முதலாளி அவனையே பார்த்தார். இழுப்பறையைத் திறந்து முத்திரையும் ரிப்பனுமாக ஒரு பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது என்ன?”

“உரிமைப் பத்திரம்.”

“இல்லாத படத்துக்கு எவனாவது பத்திரம் குடுப்பானா?”

“குடுத்திருக்காங்களே சார்.”

“சரி, உன்கிட்ட என்ன பத்திரம் இருக்கு?”

அவனிடம் ஒரு மாத்திரை அட்டைதான் இருந்தது.

“பதினாலு வருஷமா நல்லவன்னு நெனச்சேன்யா உன்னை” என்றார் முதலாளி. நிஜமாகவே மனம் நொந்து போயிருந்தார். “ஒரு மேதை உசுரைக் குடுத்து எடுத்திருக்கான். அந்தப் பிள்ளைக்கு உன் இனிஷியலைப் போட வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?”

வேலை போகாமல் இருக்க ஒரு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். ‘சாட்சிக்காரன் கதை என்னுடையது அல்ல. அதில் ஒரு வரிகூட என் கற்பனை அல்ல’ என்று அவனே வாசகம் அமைத்துக் கொடுத்தான். அவன் வேலையே அதுதானே! கடிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று கதை மேடத்திடம் போனான். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“நான் அந்தப் படத்தை அப்பவே தேடிப் பாத்தேன்ப்பா” என்றார் மெதுவாக. “எங்கயுமே கிடைக்கல.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“படிவம் நிரம்பியிருந்துச்சு. அதுக்கு மேல பாக்கறது என் வேலை இல்லையே.”

படம் ஓடியது. சும்மா ஓடவில்லை, பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரு பத்திரிகை, ‘நம் நாட்டில் கற்பனை வறண்டுவிட்டது, நல்ல கதைக்கு நாம் வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது’ என்று வருத்தப்பட்டது. இன்னொன்று, ‘மூலப் படத்தின் மெல்லிய சோகம் இதில் இல்லை’ என்று எழுதியது. எழுதியவர் மூலப் படத்தை மாணவப் பருவத்தில் இரண்டு முறை பார்த்தவராம். அலுவலகத்தில், பேருந்தில், முடிவெட்டும் கடையில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரிஜினல்ல இன்னும் நல்லா இருக்கும்.” வசனம் அந்த மாதம் மூன்று அட்டை மாத்திரை தின்றான்.

ஐம்பதாவது நாள் முதலாளி மறுபடி கூப்பிட்டார். பழைய படிவம் மேசைமேல் இருந்தது.

“இதுல இன்னும் ரெண்டு படம் எழுதியிருக்கியே, அந்தத் தீவு, அந்தச் சுவர். ரெண்டுக்கும் உரிமை இருக்குன்னு அந்த ஆளுங்களே எழுதியிருக்காங்க. உனக்கு ஞாபகம் இருக்கா?”

வசனம் கணக்குப் போட்டான். பெயர் கேட்டால் ஒட்டுப்போடும் வேலைக்குத் திரும்ப வேண்டும். பெயரை விட்டுவிட்டால் எழுதலாம்.

“நல்லா ஞாபகம் இருக்கு சார்” என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். முந்தின நாள்தான் தங்கையையும் அவள் மகளையும் தன் குடும்பத்தோடு சேர்த்துப் படத்துக்கு அழைத்துப் போயிருந்தார். வசனம் வேலை இருக்கிறது என்று தப்பித்துக்கொண்டிருந்தான். மச்சான் சோபாவில் சாய்ந்து தேநீரை வாங்கிக்கொண்டார்.

“இந்தத் தடவை உன் பேரைப் பாத்துட்டேன் மாப்ளே. ஞாபக உதவி! அது என்ன உதவி, மளிகை லிஸ்ட் சொல்ற மாதிரியா?” என்று சிரித்தார். “ஆனா கதை பிரமாதம்யா. அதான் சொல்றேன், அங்க இருக்கிறவனுக்குத்தான் மூளை. நீங்க அதைக் கொஞ்சம் கெடுத்துட்டீங்க. நான் ஒரிஜினலைப் பாத்திருக்கேன்ல, எனக்குத் தெரியும்.”

வசனத்துக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. மனைவி மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தாள்.

“ஒரிஜினலைப் பாத்தியா அண்ணே? எப்ப?”

“அது ஆச்சு, ஏழெட்டு வருஷம்.”

“அதுல கையெழுத்துப் போட்டதும் பேனாவை எதுல துடைப்பாரு?”

“இதே மாதிரிதான், கைக்குட்டையில. அங்கதான் கைக்குட்டையே சுத்தமா வெச்சிருப்பானுங்க.”

“ஓ” என்றாள் அவள். இஸ்திரிப் பெட்டியை மறுபடி சீருடைமேல் வைத்தாள். மச்சான் நெடுநேரம் பேசினார். நம் ஆட்களுக்கு ஏன் சொந்தமாக ஒன்றும் தோன்றுவதில்லை என்பதற்கு ஏழு காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவைத் தாழிட்டுவிட்டு வசனம் அலமாரிப் பக்கம் போனான். மாத்திரைக்குத்தான்.

“அவரு கைக்குட்டையில துடைக்கல” என்றாள் மனைவி பின்னாலிருந்து.

“யாரு?”

“நம்ம கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டாரே, அவரு. முள்ளைத் தலையில துடைச்சாரு. எண்ணெய் வழியற தலை. துடைச்சுட்டு, ‘நல்லா இருங்க, என்னைத் தேடி வந்துடாதீங்க’ன்னாரு. எனக்கு அன்னிக்கு அழுகைக்கு நடுவுல சிரிப்பு வந்துடுச்சு.”

அவன் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றான். அந்தத் தலையும் அந்தப் பேச்சும் தான் உட்கார்ந்து கற்பனை செய்தது என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தான். பதிவு அலுவலகத்தில் அன்று அவனுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் தன் கை நடுங்கியது மட்டும்தான்.

“நான் எழுதினதுன்னு எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“பேர் போடும்போதே. மாசாமாசம் மருந்துக் கடையில நானே கேட்டு வாங்கற பேரு, எப்படித் திருப்பிப் போட்டாலும் எனக்குத் தெரியாதா? நாலு விநாடி நின்னுச்சுங்க அது. பக்கத்துல அண்ணன், ‘பெரிய ஆளும்மா இவரு’ன்னாரு.”

“அவர்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நம்புவாரா? அவருதான் ஒரிஜினலையே பாத்துட்டாரே.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டான். ஊரில் எல்லோரும் அபிப்பிராயம் சொல்லியாகிவிட்டது. அவன் யாரிடமும் கேட்டதில்லை. இப்போது கேட்டான்.

“படம் எப்படி இருந்துச்சு?”

அவள் சீருடையை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். “ஆனா ஒரிஜினல்ல இன்னும் நல்லா இருந்துச்சு.”

அன்றைக்கு அவன் மாத்திரை போட மறந்துபோனான்.